திறமூலத் திட்டத்தின் வலை ஆவணங்களைப் பழசாகவிடாமல் பராமரிப்பது எப்படி: ஒரு மழைமானித் திட்டத்தின் அனுபவத்திலிருந்து

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் வீட்டு மொட்டைமாடியிலும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் நட்டுவைத்த மழைமானிகளிலிருந்து அளவுகளை எடுத்து இணையத்தில் ஏற்றும் சிறியதொரு திறமூல மென்பொருளை (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) நாங்கள் சிலர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். நிரல் எழுதுகிறவர்கள் மூவர்; வலை ஆவணங்களை, அதாவது இணையத்தில் உள்ள கையேட்டுப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தொடக்கத்தில் எங்கள் மென்பொருள் ஒரு நாளின் மழையை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டியது. இந்திய வானிலை ஆய்வுத் துறையோ காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்ததையே ஒரு நாள் மழையாகக் கொள்கிறது. அதனோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு வெளியீட்டில் கணக்கை மாற்றினோம். நிரல் மாறியது, வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி சேர்ந்தது, கையேட்டின் பக்கம் மட்டும் ‘நள்ளிரவு’ என்றே நின்றுவிட்டது.

கீழ்க்கோத்தகிரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் மென்பொருளின் எண்களை எடுத்து, நள்ளிரவுக்கும் காலை 8.30க்கும் இடையில் பெய்ததைத் தாமே முந்தைய நாளுக்கு மாற்றி, நோட்டில் எழுதிவந்தார். கையேட்டில் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தோம். மென்பொருளே அதைச் செய்யத் தொடங்கிய பிறகும் அவர் கையேட்டை நம்பித் தொடர்ந்து செய்தார். வடகிழக்குப் பருவமழையின் இரண்டு மாத நாள்வாரிக் கணக்கு வீணாயிற்று. “தம்பி, நீங்க எழுதி வச்சதைத்தானே நான் செஞ்சேன்” என்று அவர் சொன்னபோது மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானதை இங்கே எல்லாரும் சொல்வார்கள். அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணை வேறெதனோடும் ஒப்பிட முடியாது. கையேட்டின் ஒரு வரி பழசானதால் நேர்ந்ததும் அதுதான்.

அந்தப் பிழை எழுதத் தெரியாததால் வரவில்லை. நிரலை மாற்றிய வேலையும் கையேட்டைத் திருத்தும் வேலையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆளிடம், வெவ்வேறு இடத்தில் இருந்ததால் வந்தது. 2017இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில், முழுமையற்ற அல்லது பழைய ஆவணங்கள் ஒரு பரவலான சிக்கல் என்று 93 விழுக்காட்டினர் கூறினார்கள்; ஆவணப் பணியில் அரிதாகவே பங்களிக்கிறோம் அல்லது பங்களிப்பதே இல்லை என்று பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் கூறினார்கள். இந்த இரண்டாவது எண்ணைக் காட்டி ஆட்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. ஆவணத்தைத் திருத்தாமல் நிரலை மாற்ற முடியாதபடி வேலையின் வழியை அமைத்துவிட்டால், தனியாக நினைவூட்ட வேண்டியதில்லை. கீழே வருவது அந்த வழியை அமைக்கும் முறை.

முதலில் கவாத்து

பராமரிப்பைப் பக்கங்களைச் சேர்ப்பதிலிருந்து தொடங்காதீர்கள், வெட்டுவதிலிருந்து தொடங்குங்கள். தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்யாவிட்டால் அது மரமாக உயர்ந்து, பறிக்கக் கொழுந்து இல்லாமல் நிற்கும் என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். ஆவணத் தளமும் அப்படித்தான். எங்கள் தளத்தில் ஒரு காலத்தில் அறுபத்துச் சொச்சம் பக்கங்கள் இருந்தன. ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே மூன்று செய்திகளை ஓர் அட்டவணையில் எழுதினோம்: இந்தப் பக்கத்தை யார், எந்த வேலைக்கு நடுவே திறப்பார், இதிலுள்ள செய்தி நிரலின் எந்தப் பகுதியைச் சார்ந்தது, இது தவறானால் அதைக் கவனிக்கக்கூடியவர் யார். மூன்றாவது கட்டம் காலியாக நின்ற பக்கங்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டோம். முப்பதுக்கும் குறைவாக மிஞ்சியது. யாரும் குறை சொல்லவில்லை.

முதல் கேள்விக்கு விடை தேடும்போது, டானியேலே ப்ரோச்சிடா வகுத்த டயாடாக்ஸிஸ் என்னும் பகுப்பு உதவும். புதியவரைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பயிற்சி, குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் வழிகாட்டி, எடுத்துப் பார்த்துக்கொள்ளும் குறிப்பேடு, காரணத்தை விளக்கும் கட்டுரை என்று அது ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது. பராமரிப்பு நோக்கில் இதன் பயன் வேறு: இந்த நான்கும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. குறிப்பேடு ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறக்கூடும். ‘மழைமானியை மரத்தடியில் ஏன் வைக்கக் கூடாது’ என்ற விளக்கம் பத்தாண்டு கழித்தும் நிற்கும். ஆகவே விரைவில் மாறுவதையும் மெதுவாக மாறுவதையும் ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். விளக்கக் கட்டுரையின் நடுவே பதிப்பு எண்ணையோ மெனுவின் பெயரையோ எழுதிவைத்தால், நல்ல கட்டுரை ஒன்று அந்த ஒரு சொல்லால் கெட்டுப்போகும்.

ஆவணமும் நிரலும் ஒரே களஞ்சியத்தில்

ஆவணங்கள் தனியாக ஒரு விக்கியிலோ வேறொரு களஞ்சியத்திலோ இருந்தால், அவற்றை, நிரலும் அதன் மாற்ற வரலாறும் சேமிக்கப்படும் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரு கோப்புறைக்குக் கொண்டுவாருங்கள். எளிய குறிகளோடு எழுதும் மார்க்டவுன் உரைக் கோப்புகளை வலைப்பக்கமாக்க எம்கேடாக்ஸ், டோகுசாரஸ், ஹ்யூகோ எல்லாம் உண்டு. பைத்தான் என்னும் நிரல்மொழியின் ஆவணங்களுக்காக உருவாகி 2008இல் வெளியான ஸ்பிங்ஸை நாங்கள் பயன்படுத்துகிறோம். எந்தக் கருவி என்பது பெரிய செய்தி அல்ல. கருவி மாற்றுவதில் செலவாகும் மாதங்களில் பாதியை உள்ளடக்கத்தைத் திருத்துவதில் செலவிட்டிருக்கலாம் என்று பின்னால் தோன்றும். பெரிய செய்தி, நிரல் மாற்றமும் ஆவண மாற்றமும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில், அதாவது ‘இந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பும் ஒரே கோரிக்கையில், வருவது.

இதற்கு மூன்று சிறு ஏற்பாடுகள் போதும். புல் ரிக்வெஸ்ட் வார்ப்புருவில் ‘இந்த மாற்றத்தால் எந்த ஆவணப் பக்கம் பொய்யாகிறது?’ என்று ஒரு கேள்வியை வையுங்கள். ‘ஆவணத்தைப் புதுப்பித்தீர்களா?’ என்று கேட்டால் எல்லாரும் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ‘எதுவும் இல்லை’ என்பதும் விடைதான், ஆனால் அதை எழுதியவர் பெயர் அங்கே நிற்கும். அடுத்து, கவாத்தின்போது தயாரித்த அட்டவணையின் இரண்டாவது கட்டத்தைப் பயன்படுத்தி, எந்த நிரல் கோப்பு மாறினால் எந்த ஆவணப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, அது புல் ரிக்வெஸ்ட்டில் தானாகக் கருத்து இடும்படி செய்யுங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டுக்கும் ஆவணத்தின் முன்னோட்டத் தளம் தானாக உருவாகும்படி அமையுங்கள். தளத்தை இணையத்தில் ஏற்றித் தரும் ரீட் தி டாக்ஸ், நெட்லிஃபை போன்ற சேவைகளில் இது அமைப்பில் ஒரு தெரிவு. வரிகளில் பார்க்கும்போது ஒழுங்காகத் தெரியும் அட்டவணை, பக்கமாகும்போது குலைந்து கிடப்பதை முன்னோட்டத்தில்தான் காண முடியும்.

ஆவணம் இல்லாத மாற்றத்தை ஏற்கக் கூடாது என்ற விதியைப் புதியவர்களிடம் மட்டும் தளர்த்துங்கள். முதன்முறை நிரல் திருத்தம் அனுப்பும் கல்லூரி மாணவரிடம் ஆவணத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வா என்றால் அவர் திரும்ப வரமாட்டார். அவருடைய கிளையிலேயே (அவர் மாற்றம் செய்துவைத்த தனிப் பிரதியில்) ஆவணத்தை நீங்கள் எழுதிச் சேர்த்து, இருவர் பெயரிலும் ஏற்றுக்கொள்ளலாம். இந்த விதி நிரல் மாற்றத்துக்குத்தானே தவிர, ஆளுக்கு அல்ல.

ஒரு செய்தி, ஓர் இடம்

மழைமானிக்குள் சிறு கரண்டி போன்ற இரட்டை வாளி ஒன்று உண்டு. ஒரு பக்கம் நிரம்பியதும் சாய்ந்து நீரைக் கொட்டும், மறுபக்கம் நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் இத்தனை மில்லிமீட்டர் மழை என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். பல கருவிகளில் அது 0.2, பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் வாங்கும் மலிவான கருவி ஒன்றில் 0.2794. எங்கள் கையேட்டில் இந்த எண் நிறுவும் பக்கம், அமைப்புப் பக்கம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று மூன்று இடத்தில் இருந்தது. இயல்பிருப்பை (பயனர் எதுவும் சொல்லாவிட்டால் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் மதிப்பை) மாற்றியபோது இரண்டு இடத்தில் திருத்தினோம், மூன்றாவதை மறந்தோம். 0.2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 0.2794 என்று இட்டால் மழை நாற்பது விழுக்காடு கூடிக் காட்டும். மழை கொட்டும் தேவாலாவில் அப்படிக் காட்டினால் யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள்.

அன்றிலிருந்து எண்ணும் இயல்பிருப்பு மதிப்பும் பதிப்பு எண்ணும் ஆவணத்தில் கையால் எழுதப்படுவதில்லை. ஸ்பிங்ஸில் பதிப்பு எண்ணை அமைப்புக் கோப்பில் ஒருமுறை சொல்லிவிட்டு, மற்ற இடங்களில் மாற்றுக்குறியால் வரவழைக்கலாம். மாதிரி அமைப்புக் கோப்பைப் பக்கத்தில் ஒட்டாமல், களஞ்சியத்தில் இருக்கும் உண்மையான கோப்பிலிருந்தே தேவையான வரிகளை இழுத்துக் காட்டும் கட்டளையும் அதில் உண்டு. கட்டளைகளின் பட்டியலைக் கையால் எழுதாமல், நிரல் தரும் உதவிக் குறிப்பிலிருந்தே தயாரிக்கலாம். மற்றக் கருவிகளிலும் இதற்கு இணையான வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். தானாகத் தயாரிக்க முடியாத செய்தியை ஒரே பக்கத்தில் எழுதி, மற்றப் பக்கங்களிலிருந்து அங்கே சுட்டி கொடுங்கள். வாசகருக்கு ஒரு சொடுக்குக் கூடுதல்தான்.

எல்லாவற்றையும் தானாகத் தயாரிக்கலாம் என்று இதை நீட்டிக்கொண்டு போகக் கூடாது. நிரலின் குறிப்புகளிலிருந்து உருவான பக்கம் எப்போதும் சரியாக இருக்கும், பெரும்பாலும் உதவாது. என்ன இருக்கிறது என்று அது சொல்லும். எதற்கு, எப்போது, எது வேண்டாம் என்று சொல்லாது. அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் பற்றித் தனியாக ஒரு சொல். எல்லாவற்றிலும் விரைவாகப் பழசாவது அதுதான். பொத்தானின் நிறம் மாறினாலே வாசகர் ‘நான் தவறான இடத்தில் இருக்கிறேனோ’ என்று தயங்குவார். சொல்லால் சொல்ல முடிந்ததற்குப் படம் வேண்டாம். படம் தேவையான இடத்தில் முழுத் திரையைப் பிடிக்காமல் தேவையான பகுதியை மட்டும் பிடியுங்கள். படங்கள் பத்துக்கு மேல் போனால், உலாவியைத் தானாக இயக்கும் பிளேரைட் போன்ற கருவியைக் கொண்டு ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அவற்றைத் தானாக எடுக்கும்படி செய்வது நல்லது.

இயந்திரம் பார்க்கக்கூடியதை இயந்திரத்திடம் விடுதல்

ஆவணத்தில் உள்ள பைத்தான் எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, அச்சிட்ட விடையும் வந்த விடையும் ஒன்றா என்று சோதிக்கும் டாக்டெஸ்ட் பைத்தானோடு 2001 முதலே கிடைக்கிறது. அதை நிரலின் மற்றச் சோதனைகளோடு சேர்த்து ஓட்டுங்கள். நாள் எல்லையை மாற்றியபோது எங்கள் கையேட்டில் ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரே ஓர் எடுத்துக்காட்டு இருந்திருந்தால், அன்றைக்கே சோதனை தோற்று விழுந்திருக்கும், ஆசிரியையின் நோட்டு தப்பியிருக்கும். ஆகவே எந்தப் பக்கத்தில் கணக்கு விளக்கப்படுகிறதோ அந்தப் பக்கத்தில் ஓடக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

ஸ்பிங்ஸை ஓட்டும்போது எச்சரிக்கைகளைப் பிழையாகக் கொள்ளும்படி சொல்லுங்கள்; அப்போதுதான் உடைந்த உட்சுட்டியோடு ஒரு பக்கம் வெளியேறாது. தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் வந்து நிற்கும். ஒரே நாளில் தீர்க்க முயல வேண்டாம், வாரத்துக்கு ஒரு கோப்புறை என்று எடுத்துத் தீர்த்துவிட்டுப் பிறகு கதவைச் சாத்துங்கள்.

வெளிச்சுட்டிகளைச் சோதிப்பது வேறு வகை. ஸ்பிங்ஸின் லிங்க்செக்கோ லைச்சி என்னும் கருவியோ அதைச் செய்யும். ஆனால் வெளித்தளம் ஒன்று அரை மணி நேரம் படுத்துவிட்டால் அதற்காக உங்கள் புல் ரிக்வெஸ்ட் நிற்கக் கூடாது. சில தளங்கள் இயந்திரம் கேட்டாலே 403 என்று மறுத்துவிடும். எனவே உட்சுட்டிகளை ஒவ்வொரு மாற்றத்திலும், வெளிச்சுட்டிகளை வாரம் ஒருமுறை தனியாகவும் சோதியுங்கள். இத்தகைய பணிகளைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் சேவையில் ஒரு கண்ணி உண்டு. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில், பொதுக் களஞ்சியம் ஒன்றில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் நேரம் குறித்து ஓடும் பணிகள் தாமாகவே நிறுத்தப்படும். எங்களைப் போன்ற சிறு திட்டங்கள் மழைக்காலத்தில் விழித்துக் கோடையில் உறங்குகிறவை. ஆள் இல்லாத மாதங்களில் காவல் காக்கத்தான் அந்தப் பணியை வைக்கிறோம், அந்த மாதங்களில்தான் அது நின்றுபோகிறது. ஒருவருடைய நாட்காட்டியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ‘சோதனை ஓடுகிறதா பார்’ என்று எழுதிவைப்பதைத் தவிர இதற்கு நாங்கள் வேறு நல்ல வழி காணவில்லை.

நிரல் மாறாமலே பொய்யாகும் பக்கங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நாமே செய்த மாற்றத்தால் ஆவணம் பழசாவதைத் தடுக்கும். நாம் ஒரு வரிகூட மாற்றாமலிருக்கும்போதும் ஆவணம் பழசாகும். எங்கள் அனுபவத்தில் வாசகர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

எங்கள் மென்பொருள் ராஸ்பெர்ரி பை என்னும் கையடக்கச் சிறு கணினியில் ஓடுகிறது. ‘பை’ என்ற பயனர் பெயரோடும் எல்லாருக்கும் தெரிந்த கடவுச்சொல்லோடும் உள்ளே நுழையுங்கள் என்று எங்கள் நிறுவும் பக்கம் தொடங்கியது. 2022 ஏப்ரலில் அந்த இயல்பான பயனரையே ராஸ்பெர்ரி பை இயங்குதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 அக்டோபரில் அந்த இயங்குதளத்தின் புக்வார்ம் பதிப்பு வந்தபோது, வைஃபை அமைப்பைப் பார்த்துக்கொண்ட பழைய நிரலின் இடத்தில் நெட்வொர்க் மேனேஜர் வந்தது. கணினி தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு வேறொரு கோப்புறைக்கு நகர்ந்தது. பிப் என்னும் நிறுவும் கருவி கொண்டு பைத்தான் பொதிகளை நேரடியாக நிறுவுவது தடுக்கப்பட்டு, இயங்குதளத்தைத் தொடாத தனி மெய்நிகர்ச் சூழலுக்குள் நிறுவ வேண்டியதாயிற்று. எங்கள் நிரலின் சோதனைகள் ஒன்றுகூட விழவில்லை. புதிதாக வந்த வாசகருக்கோ பத்துப் படிகளில் நான்கு படிகள் வேலை செய்யவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவ்வப்போது வெற்று மெமரி கார்டிலிருந்து தொடங்கி, கையேட்டில் உள்ளதை மட்டும் செய்து பார்ப்பது. அதை எழுதியவர் செய்யக் கூடாது. அவர் கை, எழுதாத படியையும் தானாகச் செய்துவிடும். மென்பொருளை இதுவரை தொடாத ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் இருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே கூகுளைத் திறக்கிறார், எங்கே ஒரு படியைத் தாண்டிப் போகிறார் என்பதை மட்டும் எழுதுங்கள். வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கடினம். நாங்கள் இதை ஆண்டுக்கு இருமுறை, ஜூனில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பும், அக்டோபரில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பும் செய்கிறோம். புதிதாக மழைமானி வைக்கிறவர்கள் அந்தச் சமயத்தில்தான் கையேட்டைத் திறக்கிறார்கள். உங்கள் திட்டத்துக்கும் அப்படி ஒரு பருவம் இருக்கும். கல்லூரிச் சேர்க்கையாகவோ நிதியாண்டு முடிவாகவோ இருக்கலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பு இதை வையுங்கள்.

சோதித்து முடித்ததும், ‘இந்தப் படிகள் இன்ன தேதியில், இன்ன இயங்குதளப் பதிப்பில் சரிபார்க்கப்பட்டன’ என்று பக்கத்தின் தலையில் எழுதுங்கள். பல தளங்களில் தானாக வரும் ‘கடைசியாகத் திருத்திய தேதி’ இதற்கு ஈடாகாது. நேற்று ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தியிருந்தாலும் அந்தத் தேதி நேற்றையதாகத்தான் காட்டும். படிகள் ஓடுகின்றனவா என்பதற்கு அது சான்று அல்ல.

பழைய முகவரியும் பழைய பதிப்பும்

பக்கத்தின் பெயரை மாற்றினாலோ இரண்டு பக்கங்களை ஒன்றாக்கினாலோ, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிமாற்றம் வைக்காமல் விடாதீர்கள். அந்த முகவரி எத்தனை வாட்ஸாப் குழுக்களில், எத்தனை பேருடைய குறிப்பேட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வழிமாற்றத்தில் இரு வகை உண்டு. நிரந்தரமானதற்கு 301, தற்காலிகமானதற்கு 302. குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அது 302. பாதை திறந்ததும் எல்லாரும் பழைய வழிக்கே வர வேண்டும். 301ஐ உலாவிகள் நினைவில் வைத்துக்கொள்ளும், தேடுபொறிகள் பழைய முகவரியைக் கைவிடும். எனவே பராமரிப்புக்காக ஒரு பக்கத்தைச் சில நாள் வேறிடத்துக்குத் திருப்பும்போது பழக்கத்தில் 301 என்று இட்டுவிட்டால், பிறகு மீட்பது தொல்லை. கவாத்தில் நீக்கிய பக்கங்களுக்கு நிகரான பக்கம் இருந்தால் அங்கே திருப்புங்கள். இல்லாவிட்டால் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி வாசகரைக் குழப்பாமல், நீக்கிவிட்டோம் என்று நேராகச் சொல்லும் 410ஐக் கொடுங்கள்.

பல பதிப்புகளுக்கு ஆவணம் வைத்திருந்தால், தேடுபொறி வாசகரைப் பெரும்பாலும் பழைய பதிப்புக்குத்தான் கொண்டுவந்து விடும், ஏனெனில் அதற்குத்தான் நிறையச் சுட்டிகள் சேர்ந்திருக்கும். பழைய பக்கங்களில் புதிய பக்கத்தையே மூலமாகக் காட்டும் கேனானிக்கல் குறியை இடுங்கள். ‘நீங்கள் பழைய பதிப்பைப் படிக்கிறீர்கள்’ என்ற பட்டையை மேலே வையுங்கள். ரீட் தி டாக்ஸில் ‘லேட்டஸ்ட்’ என்பது வளர்ச்சிக் கிளையையும், ‘ஸ்டேபிள்’ என்பது குறியிட்ட வெளியீடுகளில் உயர்ந்த பதிப்பையும் காட்டும். வாசகரை இயல்பாக ஸ்டேபிளுக்கு அனுப்புங்கள். இன்னும் வெளிவராத வசதியைப் பற்றிப் படித்துவிட்டு, தன் கருவியில் அது இல்லையே என்று தேடும் வாசகருக்கு அந்த ஆவணம் பழையதைப் போலவே பொய்தான்.

எத்தனை பதிப்புகளை வைத்திருப்பது என்பதில் கஞ்சத்தனம் காட்டுங்கள். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இன்றைய பதிப்பும் முந்தைய பெரும்பதிப்பும் போதும். ‘இது இன்ன பதிப்பிலிருந்து மாறியது’ என்று பக்கத்துக்குள்ளேயே குறிப்பிட ஸ்பிங்ஸில் தனிக் குறிகள் உண்டு. நாள் எல்லைப் பக்கத்தில் இன்று அப்படியொரு குறிப்பு நிற்கிறது. ஆசிரியை அதைப் படித்துப் பார்த்து, தேதியையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம்.

தமிழ்ப் பக்கங்களுக்கு உரியவை

மொழிபெயர்த்த ஆவணம் இரட்டிப்பு வேகத்தில் பழசாகும். கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்பு முறையில் மூல வாக்கியமும் தமிழ் வாக்கியமும் இணை இணையாக ஒரு கோப்பில் இருக்கும். மூலம் சற்றே மாறினால் பழைய தமிழ் வாக்கியம் அழியாமல் ‘ஃபஸ்ஸி’ என்ற குறியைப் பெறும். இயல்பாக, அந்தக் குறி உள்ள வாக்கியம் தளத்தில் வராது. அதன் இடத்தில் மூல வாக்கியம் ஆங்கிலத்திலேயே தோன்றும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலப் பத்தி நிற்பது கண்ணை உறுத்தும் என்று, குறி உள்ளதையும் காட்டச் சொல்லி அமைப்பை மாற்றும் ஆசை வரும். மாற்றாதீர்கள். உறுத்துகிற உண்மையான ஆங்கிலப் பத்தியைப் பார்த்து யாராவது திருத்த வருவார்கள். ஓட்டமாகப் படிக்க முடிகிற பொய்யான தமிழ்ப் பத்தியை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வெப்லேட் என்னும் மொழிபெயர்ப்புத் தளத்தில் திட்டத்தை இணைத்துவிட்டால் எத்தனை வாக்கியங்கள் இந்தக் குறியோடு கிடக்கின்றன என்பது எப்போதும் தெரியும்.

தமிழ்த் தலைப்புகளில் மறைவான ஒரு சிக்கல் இருக்கிறது. தலைப்பிலிருந்து சுட்டிக்குரிய அடையாளத்தை (முகவரியில் # குறிக்குப் பின் வருவதை) தயாரிக்கும்போது, எம்கேடாக்ஸின் பின்னால் உள்ள பைத்தான் மார்க்டவுன் இயல்பாக ஆங்கில எழுத்தல்லாதவற்றை உதறிவிடும். தமிழ்த் தலைப்பில் எஞ்சுவது வரிசை எண் மட்டுமே. ஸ்பிங்ஸிலும் இதே கதைதான். அந்த எண்ணை நம்பி யாராவது மூன்றாவது தலைப்புக்குச் சுட்டி கொடுத்திருந்தால், நீங்கள் மேலே புதிய தலைப்பு ஒன்றைச் சேர்த்த அன்றே அது வேறு பத்திக்குப் போய்விடும். சுட்டி உடையாததால் சோதனையும் பிடிக்காது. ஒவ்வொரு தமிழ்த் தலைப்புக்கும் கையால் ஒரு நிலையான அடையாளத்தைக் கொடுத்துவிடுங்கள். எம்கேடாக்ஸில் யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் மாற்று முறையையும் அமைப்பில் தெரிவு செய்யலாம், ஆனால் தலைப்பின் சொல்லைத் திருத்தினால் அடையாளமும் மாறும் என்பதால் கையால் கொடுப்பதே எனக்கு நிறைவு தருகிறது. இன்னொன்று: ‘கொ’ என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நேரடியாக ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு. எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சோதனையை மற்றச் சோதனைகளோடு சேர்த்துவிடுங்கள்.

கலைச்சொற்களுக்கு ஒரு பட்டியல் வையுங்கள். இயல்பிருப்பா முன்னிருப்பா, கோப்புறையா அடைவா என்பதில் எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் வாசகர் இரண்டு பொருள்கள் என்று எண்ணுவார். முதல் இடத்தில் பேச்சு வழக்குச் சொல்லையும் சேர்த்து எழுதினால் தேடலில் அகப்படும். உதகமண்டலம் என்று பலகையில் இருந்தாலும் தேடுகிறவர் ஊட்டி என்றுதான் தட்டுவார். அமைப்புகள் என்று நீங்கள் எழுதினாலும் அவர் செட்டிங்ஸ் என்றுதான் தேடுவார்.

வாசகர் சொல்வதைப் பெறுதல்

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இந்தப் பக்கத்தைத் திருத்து’ என்ற சுட்டி இருக்கட்டும். ஆனால் மழைமானி வைத்திருக்கும் தேயிலை விவசாயி கிட்ஹப் கணக்குத் தொடங்கித் திருத்தம் அனுப்புவார் என்று காத்திருக்காதீர்கள். எங்களுக்கு வரும் நல்ல திருத்தங்களில் பல, கையேட்டுப் பக்கத்தை ஃபோனில் படம் பிடித்து, தவறான வரியை விரலால் வட்டமிட்டு அனுப்பியவை. அதைப் பெறுகிறவர் அன்றே களஞ்சியத்தில் வழுவாகப் பதிந்து, ‘ஆவணம்’ என்ற முத்திரையிட்டு, சரியானதும் அனுப்பியவருக்கு மறுசொல் சொல்ல வேண்டும். மறுசொல் வராதவர் இரண்டாவது முறை அனுப்புவதில்லை. ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அதற்குத் தனி விடை எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர்கள் எந்தப் பக்கத்தைப் படித்தபின் கேட்டார்கள் என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.

எங்கள் வாசகரில் பலருக்குத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது. ஆகவே ரீட் தி டாக்ஸ் தயாரித்துத் தரும் பிடிஎஃபைப் பதிவிறக்கி வைத்துக்கொள்கிறார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். தளத்தை எவ்வளவு புதுப்பித்தாலும் அந்தப் பிடிஎஃப் புதுப்பிக்கப்படாது. அதன் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் பதிப்பு எண்ணையும் தேதியையும் தளத்தின் முகவரியையும் அச்சிடுங்கள். முதல் பக்கத்தில் மட்டும் இட்டால் போதாது, முதல் பக்கம் இல்லாத படங்களே அதிகம் சுற்றுகின்றன.

இவ்வளவையும் பார்த்துக்கொள்ள ஒருவர் பெயர் குறித்திருக்க வேண்டும், அவர் ஊரில் இல்லாதபோது பார்க்க இன்னொருவர் பெயரும் வேண்டும். கோட்ஓனர்ஸ் கோப்பில் ஆவணக் கோப்புறைக்கு எதிரே இருவர் பெயரையும் எழுதினால், மாற்றம் வரும்போது கிட்ஹப்பே அவர்களை மதிப்பாய்வுக்கு அழைக்கும். தளத்தை ஏற்றும் சேவையின் கணக்கு, டொமைன் பெயர், அதைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும் முகவரி ஆகியவை ஒரே ஆளின் சொந்தக் கணக்கில் இருக்கக் கூடாது. வேலை கிடைத்து அவர் கோவைக்கோ பெங்களூருக்கோ இறங்கிப்போன பிறகு அந்த முகவரியை அவர் திறந்து பார்ப்பதே இல்லை என்பது டொமைன் காலாவதியான பிறகுதான் தெரியவரும். எங்கள் டொமைன் முடியும் தேதி களஞ்சியத்தின் ரீட்மீ கோப்பில் முதல் வரியாக இருக்கிறது.